சென்னையில் பகுதி வன்முறையைத் தடுக்கும் பணிக்கு அரசு நிதி வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அரசின் வரவு செலவுத் திட்டத்தில் ‘வன்முறைத் தடுப்பு’ என்று ஒரு தலைப்பே கிடையாது. புதிதாக வரும் அமைப்புகள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். ஏரியாவில் பையன்களுக்குள் வெட்டு குத்து வராமல் பார்த்துக்கொள்கிறோம், குடித்துவிட்டு வீட்டில் அடிக்கிறவர்களிடம் பேசிப் பெண்களைக் காப்பாற்றுகிறோம், பேருந்து வழித்தடத்தின் பெயரில் கல்லூரி மாணவர்களுக்குள் நடக்கும் ரூட் தல மோதலில் சிக்கியவர்களை வெளியே கொண்டுவருகிறோம் என்று அருமையாக ஒரு திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரே பதில்தான் வரும்: “நல்ல வேலைங்க, ஆனா இது எங்க டிபார்ட்மென்ட் இல்லையே.”

அவர்கள் சொல்வது பொய்யில்லை. அரசுப் பணம் குழந்தைப் பாதுகாப்பு, போதை ஒழிப்பு, பெண்கள் பாதுகாப்பு, திறன் பயிற்சி, பகுதி மேம்பாடு என்ற தலைப்புகளில் பிரிந்து கிடக்கிறது. அதனால் தலைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் திட்டத்தை எழுத வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். சங்கப் பதிவு இருக்கிற, ஆனால் அரசு மானியம் இதுவரை வாங்காத சிறிய அமைப்புகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது, ஒவ்வொரு துறையும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலும் கிடைக்கும்; தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காவல், சமூகநலன் மற்றும் மகளிர் உரிமை, நகராட்சி நிர்வாகம் ஆகிய மூன்று துறைகளின் குறிப்புகளையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். திட்டத்தின் சரியான பெயர், யார் நடத்துகிறார்கள், மத்திய அரசின் பங்கு எவ்வளவு, போன ஆண்டு என்ன செலவானது எல்லாம் அதில் இருக்கும். அதிகாரியிடம் “உங்கள் குறிப்பில் இப்படி இருக்கிறதே” என்று பேச்சைத் தொடங்குகிறவருக்கு நாற்காலி கிடைக்கும்.

குழந்தைகளோடு வேலை செய்தால் மிஷன் வாத்சல்யா. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் நடக்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை. பழைய சமூகப் பாதுகாப்புத் துறைதான் பெயர் மாறியிருக்கிறது. மாவட்ட அளவில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஒன்றை உடைத்தே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தலைப்பில் தொண்டு நிறுவனங்களுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி இல்லங்கள் நடத்துகிறவர்களுக்குத்தான். தெருவில் இறங்கி வேலை செய்கிறவர்கள் வார்டு அளவிலான குழந்தைகள் நலன் மற்றும் பாதுகாப்புக் குழு வழியாக உள்ளே நுழைவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

போதையும் வன்முறையும் ஒட்டிக்கிடக்கும் பகுதி என்றால், மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல்திட்டத்தைப் பாருங்கள். மறுவாழ்வு மையம் மட்டும்தான் இதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வளரிளம் பருவத்தினரிடையே சக தோழர்களை வைத்தே நடத்தும் தடுப்புப் பணிக்கும் இதில் தனிப் பிரிவு உண்டு. ஏரியா பையன்களோடு வேலை செய்யும் அமைப்புக்கு எனக்குத் தெரிந்து மிக நெருங்கி வரும் தலைப்பு இதுதான். ஆள் சம்பளத்துக்கும் இதில் இடம் இருக்கிறது.

பெண்கள் மீதான வன்முறைக்கு மிஷன் சக்தி. ஒருங்கிணைந்த சேவை மையங்களும் 181 உதவி எண்ணும் இதில் வரும். இங்கே மானியத்துக்கு முன் இன்னொரு படி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 10ஆம் பிரிவின் கீழ் ‘சேவை வழங்குநர்’ ஆகப் பதிவு செய்துகொள்ளலாம். அதனால் பணம் வராது. ஆனால் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் உங்கள் பேச்சு எடுபடும். பிறகு விண்ணப்பம் போடும்போது அதுவே பெரிய தகுதியாக நிற்கும். பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் நடக்கும் பாதுகாப்பான நகரத் திட்டத்தில் இருக்கும் எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அந்தத் திட்டத்தின் கீழ்தான் மாநகராட்சியில் பாலினம் மற்றும் கொள்கை ஆய்வகம் 2022ல் தொடங்கப்பட்டது. பகுதியின் இருட்டுச் சந்துகளும் பேருந்து நிறுத்தங்களும் உங்களுக்கு அத்துப்படி என்றால் அவர்களைப் போய்ப் பாருங்கள்.

விளையாட்டுத் திடல், விளக்கு, படிப்பகம் என்று இடம் சார்ந்த தேவைக்கு வழி வேறு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ₹3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ₹5 கோடி, கவுன்சிலரின் வார்டு நிதி தனி. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதி கட்டினால் மீதியை அரசு போடும். இவை எதிலும் சம்பளம் கொடுக்க முடியாது. கட்டடமாகவோ பொருளாகவோதான் நிற்கும். “எம்எல்ஏ நிதியில் கவுன்சிலர் சம்பளம் கேட்டோம், மறுத்துவிட்டார்” என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவர் சொன்னது மனநல ஆலோசகரை. எம்எல்ஏவுக்கு என்ன புரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

காவல் நிலையங்களின் கீழ் நடக்கும் சிறுவர் சிறுமியர் மன்றங்கள், பள்ளிகளில் மாணவர்களுக்காகக் காவல்துறை நடத்தும் ‘சிற்பி’ போன்றவற்றின் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. ஆனால் மன்றத்தில் மாலை வகுப்பு எடுக்கவும் கபடி சொல்லிக்கொடுக்கவும் ஆள் தேவைப்படும். அங்கே ஓராண்டு வேலை செய்துவிட்டு ஆய்வாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால், மற்ற எல்லா விண்ணப்பங்களுக்கும் அது உதவும்.

2. காகிதங்களை இந்த வரிசையில் தயார் செய்யுங்கள்

முதலில் சங்க விதிகளில் ‘நோக்கங்கள்’ பகுதியை எடுத்துப் படியுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் பதிவான இளைஞர் நற்பணி மன்றங்கள் பலவற்றில் விளையாட்டு, ரத்ததானம், கோயில் திருவிழா இவை மட்டுமே இருக்கும். குழந்தைப் பாதுகாப்புக்கு மானியம் கேட்டால், நோக்கத்திலேயே இது இல்லையே என்று கோப்பு திரும்பிவிடும். சிறப்புத் தீர்மானம் போட்டு நோக்கங்களைத் திருத்தி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லாக் காகிதமும் இந்த விதிநகலைத்தான் பின்தொடரும் என்பதால் இது முதலில் முடிய வேண்டும்.

அடுத்து ஆண்டுத் தாக்கல்கள். பொதுக்குழு நடத்திய விவரம், நிர்வாகிகள் பட்டியல், தணிக்கைக் கணக்கு எல்லாம் பதிவாளரிடம் நடப்பாண்டு வரை போயிருக்க வேண்டும். நிர்வாகி மாறி இரண்டு வருடம் ஆகியும் பழைய செயலாளர் பெயரே பதிவில் இருந்தால், கையெழுத்து செல்லாது.

பிறகு சங்கத்தின் பெயரில் பான், அதே பெயரில் வங்கிக் கணக்கு, அப்புறம்தான் தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் தளமான என்ஜிஓ தர்ப்பணில் பதிவு. மத்திய அரசுப் பணம் எதற்கும் தர்ப்பண் எண் கேட்பார்கள். அதற்கு நிர்வாகிகளின் பான், ஆதார் விவரங்களும் தேவை. பான் அட்டையில் ‘நலச்சங்கம்’ என்று ஒரே சொல்லாகவும் வங்கியில் ‘நல சங்கம்’ என்று இரண்டாகவும் இருந்தால் இணையத்தில் சரிபார்ப்பு நின்றுவிடும். ஆங்கில எழுத்திலும் இதே கதைதான். நான் பார்த்ததில் மாதக்கணக்கில் தாமதமான விண்ணப்பங்களுக்குக் காரணம் பெரும்பாலும் இப்படி ஓர் எழுத்தோ ஒரு புள்ளியோதான். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிவைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

12ஏபி, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வருமான வரிப் பதிவுகளையும் பக்கத்திலேயே முடித்துவையுங்கள். மத்திய மானியங்கள் பொதுவாக மூன்றாண்டுப் பதிவையும் மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கையும் கேட்கும். போன வருடம்தான் பதிவு செய்தீர்கள் என்றால், இப்போதைக்கு மாநில, மாநகராட்சி வழிகளையும் தகுதியுள்ள பெரிய அமைப்போடு சேர்ந்து வேலை செய்யும் வழியையும் பாருங்கள். கணக்குத் தணிக்கையை மட்டும் முதல் வருடத்திலிருந்தே விட்டுவிடாதீர்கள். வரவு பதினைந்தாயிரம்தான் என்றாலும் தணிக்கை செய்யுங்கள்.

3. பகுதியின் நிலவரத்தை எண்ணாகக் காட்டுங்கள்

“எங்கள் ஏரியாவில் பிரச்சினை அதிகம்” என்ற வாக்கியத்துக்கு அரசு அலுவலகத்தில் மதிப்பில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சென்னை முழுவதற்கும்தான் எண் தரும். உங்கள் வார்டுக்குத் தராது. 200 வார்டு கொண்ட மாநகராட்சியில் அந்த எண்ணை வைத்து உங்கள் தெருவைப் பற்றி ஒன்றும் நிரூபிக்க முடியாது.

ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ₹10 கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். குறிப்பிட்ட காவல் நிலைய எல்லையில் கடந்த மூன்றாண்டுகளில் அடிதடி, கொலை முயற்சி, குடும்ப வன்முறை தொடர்பாகப் பதிவான வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பெயரோ வழக்கு விவரமோ கேட்டால் விசாரணையில் இருக்கிறது என்று மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். பதிலுக்கு 30 நாள் கால அவகாசம் இருப்பதால், இந்த மனுவை இரண்டாம் படி நடந்துகொண்டிருக்கும்போதே போட்டுவிடலாம்.

அதோடு மாநகராட்சிப் பள்ளியில் இடையில் நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை, மாலை ஆறு மணிக்குப் பிறகு திறந்திருக்கும் விளையாட்டு இடங்கள், எரியாத தெருவிளக்குகள், டாஸ்மாக் கடைக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் இவற்றை நீங்களே எடுங்கள். ஒரு வாரக் கணக்கெடுப்பில் இது முடியும். ஆய்வுக்கு வரும் அதிகாரி நடந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடிய எண்கள் என்பதால் இவற்றுக்கு எடை அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள். வழக்கில் சிக்கிய பிள்ளைகளின் பெயர், படம், பள்ளி எதையும் விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015ன் 74ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்று தண்டனையும் இருக்கிறது. ‘வெற்றிக் கதை’ என்று பையனின் முகத்தோடு புகைப்படம் ஒட்டிய அறிக்கைகளைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாவது, பகுதியை ‘ரவுடிகள் நிறைந்த இடம்’ என்று எழுதாதீர்கள். அந்தக் காகிதம் கவுன்சிலர் கைக்கும் போகும், ஊர்ப் பெரியவர்கள் கைக்கும் போகும். வேலை கேட்டுப் போகும்போது முகவரியைப் பார்த்ததும் ஒதுக்கப்பட்ட அனுபவம் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் பலருக்கு உண்டு. உங்கள் விண்ணப்பமும் அதே வசையைச் சொன்னால் நாளைக்கு அந்தத் தெருவில் யார் உங்களுக்குக் கதவு திறப்பார்கள்?

4. எழுதுவதற்கு முன் மூன்று பேரைப் பாருங்கள்

வார்டு கவுன்சிலர், காவல் நிலைய ஆய்வாளர், சம்பந்தப்பட்ட துறையின் மாவட்ட அலுவலர். இந்த வரிசையிலேயே. மாவட்ட அலுவலர் முதலில் கேட்பது, “லோக்கல்ல தெரியுமா?” என்பதுதான். மற்ற இருவரிடமும் கடிதம் இருந்தால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும்.

வாழ்விட மேம்பாட்டு வாரியக் (பழைய குடிசை மாற்று வாரியம்) குடியிருப்பு என்றால் வாரியத்தின் சமுதாய வளர்ச்சிப் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி போன்ற இடங்களில் காலி அறையும் சமுதாயக் கூடமும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. இடத்துக்கான ஒப்புதல் கடிதம் இல்லாத விண்ணப்பம் ஆய்வில் நிற்காது.

போகும் காலமும் முக்கியம். மார்ச்சில் யாரையும் பார்க்கப் போகாதீர்கள். ஆண்டு முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். மானியக் கோரிக்கை முடிந்து, புதிய ஒதுக்கீடு தெரிந்த ஜூன், ஜூலை நல்ல நேரம்.

5. திட்ட அறிக்கை: அவர்கள் மொழியில், உங்கள் வேலையை

திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையை அச்செடுத்து, அதில் வரும் செயல்பாடுகளின் பெயர்களை அப்படியே உங்கள் துணைத் தலைப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு செய்கிறவர் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். அவர் தேடாமலே கண்ணில் பட வேண்டும்.

இப்போது பலரும் அமெரிக்க மாதிரியை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். சிகாகோவில் 2000ல் தொடங்கிய ஒரு முறை உண்டு. தெருவில் செல்வாக்குள்ள, பழைய வாழ்க்கையை விட்டுவிட்ட ஆட்களையே சம்பளத்துக்கு வைத்து, பழிக்குப் பழி நடப்பதற்கு முன் சமாதானம் பேச வைப்பது. அங்கே அதற்கென்றே பணம் உண்டு. 2022ல் வந்த ஒரு சட்டம் இந்த வகைப் பணிக்கு ஐந்தாண்டுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. இங்கே அப்படி ஒரு பதவியே எந்த நெறிமுறையிலும் இல்லை. ‘வழக்குப் பின்னணி உள்ள சமாதானப் பணியாளர்’ என்று எழுதினால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். குழந்தைகளோடு வேலை செய்யும் பணியாளருக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

அதற்காக அந்த அண்ணன்களை விட்டுவிட வேண்டியதில்லை. நிலுவை வழக்கு இல்லாதவர்களை நெறிமுறையில் இருக்கும் சமூகத் தன்னார்வலர் இடத்தில் மதிப்பூதியத்துக்கு வையுங்கள். குழந்தைகளோடு தனியாக விடாமல், பெரியவர்களோடும் இளைஞர்களோடும் பேசும் வேலையைக் கொடுங்கள். அவர் யார் என்பதை மறைக்காமல் மாவட்ட அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு மொட்டைக் கடிதம் வந்தாலும் ஆடிப்போக வேண்டியிருக்காது. மொட்டைக் கடிதம் வரும். அதையும் திட்டத்தில் சேர்த்தே யோசியுங்கள்.

இலக்கு எழுதும்போது ‘வன்முறை 50 சதவீதம் குறையும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வழக்குகளின் எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை. நீங்கள் நன்றாக வேலை செய்தால் பெண்கள் துணிந்து புகார் கொடுக்க ஆரம்பித்து அது கூடவும் செய்யும். எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள், எத்தனை பேர் வாரம் மூன்று மாலையாவது வந்தார்கள், எத்தனை குடும்பங்களை 181க்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ சேர்த்துவிட்டீர்கள் என்று உங்கள் கைக்குள் அடங்குவதை எழுதுங்கள்.

6. செலவுத் திட்டம்

தொடர் செலவையும் ஒருமுறைச் செலவையும் தனித்தனியாகப் பிரியுங்கள். சம்பளம், வாடகை, சிற்றுண்டி ஒரு பக்கம். நாற்காலி, கணினி, கேரம் போர்டு இன்னொரு பக்கம். ஒரு தலைப்பில் மிஞ்சியதை அனுமதி இல்லாமல் இன்னொன்றில் செலவிட முடியாது என்பதால் இந்தப் பிரிப்பு ஆண்டு முழுக்க உங்களைக் கட்டிப்போடும். யோசித்துப் போடுங்கள்.

நெறிமுறையில் ஊதிய அளவு கொடுத்திருந்தால் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள். அந்தச் சம்பளத்துக்குச் சென்னையில் ஆள் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். மீதியை எங்கிருந்து போடப்போகிறீர்கள் என்பதை ‘அமைப்பின் பங்கு’ என்று தனி வரியாகக் காட்டுங்கள். தணிக்கைக் கட்டணத்தையும் தொடர் செலவில் இடம் இருந்தால் மறக்காமல் சேருங்கள். நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான்.

7. விண்ணப்பமும் ஆய்வும்

சமூகநீதி அமைச்சகத்தின் திட்டங்களுக்கு இ-அனுதான் தளம். அமைச்சகம் விண்ணப்பம் கோரும் காலத்தில் மட்டும்தான் போட முடியும். ஆவணங்களை முன்பே அளவு குறைத்து, பக்கம் வரிசையாக வைத்திருங்கள். மாநிலத் துறைகளுக்கு இன்னமும் காகிதக் கோப்பும் போகும். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஆய்வு அறிவிப்போடும் வரலாம், இல்லாமலும் வரலாம். வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, கூட்டக் குறிப்பேடு மூன்றும் மையத்திலேயே இருக்க வேண்டும், தலைவர் வீட்டுப் பீரோவில் அல்ல. வருகைப் பதிவேட்டில் எல்லாப் பெயரும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

8. ஆணை வந்த பிறகு பணம் வரும் வரை

ஒப்புதல் ஆணை கைக்கு வந்ததும் ஆள் எடுத்து, அறை பிடித்து, வேலையைத் தொடங்கிவிடுவது அடுத்த பெரிய தவறு. ஆணைக்கும் பணத்துக்கும் நடுவில் பல மாதம் ஓடலாம். முத்திரைத்தாளில் உறுதிப்பத்திரம், அரசுப் பணம் போவதைக் கண்காணிக்கும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் வங்கிக் கணக்கை இணைப்பது என்று சில வேலைகள் பாக்கி இருக்கும். அவற்றை முடித்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. கையிருப்பில் குறைந்தது ஆறு மாதச் சம்பளம் இல்லாமல் யாருக்கும் வேலை நியமனக் கடிதம் கொடுக்காதீர்கள். சம்பளம் வராமல் களப்பணியாளர் நின்றுவிட்டால், அவரை நம்பி வந்த பையன்களும் நின்றுவிடுவார்கள். அவர்களை இரண்டாம் முறை கூப்பிடுவது லேசான காரியமில்லை.

9. செலவு செய்வதும் பயன்பாட்டுச் சான்றிதழும்

மானியத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மத்திய மானியத்தில் கிடைத்த வட்டி உங்களுடையது அல்ல. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, கணக்கு முடித்ததும் அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும். மற்ற பணத்தோடு கலந்துவிட்டால் வட்டியைப் பிரிக்கப் படாதபாடு படுவீர்கள்.

வவுச்சரை அன்றன்றே எழுதுங்கள். மாலைச் சிற்றுண்டியை எடுத்துக்கொள்வோம். டீக்கடையில் பில் புத்தகம் இருக்காது. ஒரு தாளில் தேதி, எத்தனை டீ, எத்தனை பஜ்ஜி, விலை, கடைக்காரர் பெயர், கையெழுத்து. பின்பக்கத்தில் அன்றைய வருகைப் பதிவேட்டின் பக்க எண். இருபத்தைந்து பேர் வந்த நாளில் நாற்பது பஜ்ஜி என்றால், ஏன் என்று ஒரு வரி. தணிக்கையாளர் கேட்கப்போவது இந்த ஒரு வரியைத்தான். ₹5,000க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும். ஒரே நபருக்கு ஒரே நாளில் ₹10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவே போகட்டும்.

மதிப்பூதியமும் அப்படியே. கைச்செலவுக்கு இருக்கட்டும் என்று கையில் கொடுத்துப் பழகிவிட்டால், வருடக் கடைசியில் யாருக்கு எவ்வளவு என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஆண்டு முடிந்ததும் பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைப் பட்டயக் கணக்காளரிடம் வாங்க வேண்டும். மத்திய மானியத்துக்கு, மேலே சொன்ன பொது நிதி விதிகளில் வரும் ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவம். தொடர் செலவுக்கும் ஒருமுறைச் செலவுக்கும் கணக்கு அதில் பிரிந்து நிற்க வேண்டும். இது போய்ச் சேராமல் அடுத்த தவணை வராது. நிதியாண்டு முடிந்து 12 மாதம் வரை விதி அவகாசம் தருகிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஏப்ரலிலேயே கணக்காளரிடம் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். மே, ஜூனுக்குப் பிறகு வருமான வரித் தாக்கல் கூட்டத்தில் உங்கள் கோப்பு அடியில் போய்விடும்.

செலவாகாத பணம் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். தீர்த்துவிட வேண்டுமே என்று மார்ச் கடைசியில் பத்து நாற்காலி வாங்குகிறவர்கள் உண்டு. ஒருமுறைச் செலவுத் தலைப்பில் இல்லாத அந்த நாற்காலிகள் அத்தனையும் தணிக்கை ஆட்சேபமாகத் திரும்பி வரும்.

10. மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்புக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சான்றிதழ் குறைந்திருக்கும், அல்லது ஆய்வு அறிக்கையே போய்ச் சேர்ந்திருக்காது. பின்னது உங்கள் தவறில்லை. ஆய்வு நடந்த தேதியைக் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து நினைவூட்டுங்கள். தலைப்பே பொருந்தவில்லை என்றால் அதே விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பாதீர்கள். முதல் படிக்குப் போய், அடுத்த கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்து வேறு தலைப்பைத் தேடுங்கள். காகிதங்களும் கணக்கெடுப்பும் கையில் இருப்பதால் இரண்டாம் முறை எழுத்து வேலை மட்டும்தான் மிச்சம்.